வெள்ளத் தண்ணியில ஓடிய ஃபோர் வீல்: முன் சக்கர பேரிங்கை ஏன் கழற்றிப் பார்க்க வேண்டும்?

சிகாமட்டில் வளர்ந்தவர்களுக்கு வெள்ளம் என்றால் வருடங்கள்தான் ஞாபகத்துக்கு வரும். 2006 டிசம்பரில் தொடங்கி 2007 ஜனவரி வரை நீண்ட வெள்ளம். 2011-இல் சீனப் புத்தாண்டுக்கு முந்தைய நாட்களில் ஊரையே துண்டித்த வெள்ளம். 2023 மார்ச்சில், ஜொகூர் முழுக்க 40,000-க்கும் அதிகமானோரை நிவாரண மையங்களுக்கு அனுப்பிய வெள்ளம். அதிலும் சிகாமட் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒன்று.

ஒவ்வொரு முறையும் ஒரே காட்சிதான். சாதாரண காரெல்லாம் மேட்டில் நிற்கும். ஹைலக்ஸும் டி-மேக்ஸும் டிரைட்டனும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும். வயதானவர்களை ஏற்றிக்கொண்டு வருவதும் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோவதும் அந்த வண்டிகள்தான். தண்ணீர் வடிந்ததும் வண்டியைக் கழுவி, கார்ப்பெட்டை வெயிலில் காயவைத்து, எஞ்சின் ஆயில் மாற்றுவார்கள். வண்டி ஸ்டார்ட் ஆகிறது, ஏர்கோன் வேலை செய்கிறது. சரி, பிரச்னை இல்லை என்று விட்டுவிடுவோம்.

இரண்டு, மூன்று மாதம் கழித்து முன் பக்கத்திலிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் கேட்கும். போமனிடம் கொண்டுபோனால் அவர் கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்: “தண்ணியில இறக்கினீங்களா?”

சக்கரத்துக்குள் தண்ணீர் எப்படிப் போகிறது?

முன் சக்கரம் ஹப்பில் போல்ட் போட்டு மாட்டப்பட்டிருக்கிறது. அந்த ஹப் சுழல்வது பேரிங் மேல். பேரிங்குக்குள் கிரீஸ் இருக்கும். கிரீஸ் வெளியே வராமலும் தூசி உள்ளே போகாமலும் ஒரு ரப்பர் சீல் காவல் காக்கும். வழக்கமான மழைக்கும் சேற்றுக்கும் இந்தச் சீல் தாக்குப்பிடிக்கும்.

வெள்ளத்தில் நடப்பது வேறு. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் ஹப் சூடாக இருக்கும். பக்கத்திலேயே இருக்கும் பிரேக் டிஸ்க் அதை இன்னும் சூடாக்கும். அந்தச் சூட்டோடு முழங்கால் ஆழத் தண்ணீரில் இறங்கினால் ஹப் சட்டென்று குளிரும். உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கும் காற்று வெளியிலிருந்து எதையாவது இழுத்து இடத்தை நிரப்பப் பார்க்கும். சீல் கொஞ்சம் தேய்ந்திருந்தால் போதும், தண்ணீரும் அதில் கலந்திருக்கும் நுண்ணிய மண்ணும் உள்ளே போய்விடும்.

போன தண்ணீர் தானாக வெளியே வராது. கிரீஸோடு கலந்து, தே தாரிக் நிறத்தில் ஒரு கலவையாகும். அந்தக் கலவையால் உருளைக்கும் பாதைக்கும் நடுவில் இருக்கவேண்டிய எண்ணெய்ப் படலத்தைத் தாங்க முடியாது. வண்டி சும்மா நிற்கும் நாட்களில்தான் சேதம் ஆரம்பிக்கிறது. உருளைகள் தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களில் துரு பிடித்து, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சின்னக் குழிகள் விழும். பிறகு ஓட்டும்போது ஒவ்வொரு உருளையும் அந்தக் குழியில் இறங்கி ஏறும். குழியின் விளிம்பு உடையும், உடைந்த துகள் அடுத்த குழியைப் போடும். நமக்கு முனகல் கேட்கும்போது இந்த வேலை வெகுதூரம் போயிருக்கும். அதற்குமேல் புது கிரீஸ் போட்டுப் பயனில்லை.

உங்கள் வண்டியில் எந்த வகை?

இதைத் தெரிந்துகொள்ளாமல் ஸ்பேனரை எடுக்காதீர்கள். ஏனென்றால் இரண்டு வகைக்கும் வைத்தியம் வேறு வேறு.

முதல் வகை கழற்றிக் கிரீஸ் போடக்கூடியது. 70 வரிசை லேண்ட் குரூசர், வீகோவுக்கு முந்தைய பழைய ஹைலக்ஸ் போன்றவை இதில் வரும். செம்பனைத் தோட்டங்களிலும் டுரியான் தோப்புகளிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஃபோர் வீல்கள் பெரும்பாலும் இந்த ரகம்தான். ஒவ்வொரு ஹப்பிலும் இரண்டு கூம்பு உருளை பேரிங்குகள், ஒன்றையொன்று பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். குதிரை வண்டி செய்துகொண்டிருந்த ஹென்றி டிம்கன் என்பவர் 1898-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற வடிவம் இது. சாய்வாக இருக்கும் உருளை, வண்டியின் எடையையும் தாங்கும்; வளைவில் திரும்பும்போது பக்கவாட்டில் வரும் தள்ளலையும் தாங்கும். நூற்றாண்டு தாண்டியும் அதே யோசனைதான் ஓடுகிறது.

இரண்டாவது வகை, தொழிற்சாலையிலேயே கிரீஸ் அடைத்து மூடிய சீல்டு பேரிங். வீகோ தலைமுறையிலிருந்து ஹைலக்ஸிலும், இன்றைய பிக்அப்களில் பெரும்பாலானவற்றிலும் இருப்பது இதுதான். இதற்கு கிரீஸ் போட வழியே இல்லை. நல்லா இருந்தால் நல்லா இருக்கும், போனால் முழுசாக மாற்ற வேண்டும். சீலை நெம்பித் திறந்து கிரீஸ் திணித்துப் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். நெம்பிய சீல் மறுபடி ஒழுங்காக உட்காராது. அடுத்த மழைக்கே தண்ணீர் போகும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

முனகல் சத்தம் வேகத்தோடு சேர்ந்து கூடினால், டயராகவும் இருக்கலாம், பேரிங்காகவும் இருக்கலாம். வளைவில் வித்தியாசம் தெரியும். வண்டி வலது பக்கம் திரும்பும்போது எடை இடது சக்கரத்தின் மேல் சாயும். அப்போது சத்தம் கூடினால் சந்தேகம் இடது பேரிங் மேல். நம் நாட்டில் ரவுண்டபவுட்டை வலது பக்கமாகச் சுற்றுவதால், இடது சக்கரத்தைச் சோதிக்க நல்ல இடம் அதுதான்.

அடுத்த சோதனைக்கு வண்டியை ஜேக்கில் ஏற்ற வேண்டும். கெட்டியான சிமெண்ட் தரையில் மட்டும் செய்யுங்கள், ஜேக் ஸ்டாண்ட் கண்டிப்பாகப் போடுங்கள். தோட்டத்து மண்ணில் ஜேக் மெதுவாக இறங்கும். அது இறங்குவது உங்களுக்குத் தெரியவே தெரியாது. டயரின் மேலேயும் கீழேயும் கை வைத்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங். அப்போதும் ஆடினால் பால் ஜாயின்ட் அல்லது கிங்பின் பக்கம் பார்க்க வேண்டும். அதற்கு வேறு போமன் தேவையில்லை, வேறு பில் தேவைப்படும்.

ஆட்டமே இல்லாவிட்டாலும், ஆழமான தண்ணீரில் இறங்கிய பழைய ரக வண்டியைத் திறந்து பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். வழக்கமாக 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று சொல்லப்படும் கிரீஸ் மாற்றும் கணக்கு, காய்ந்த ரோட்டில் ஓடும் வண்டிக்கு. ஹப் முழுகிய பிறகு அந்தக் கணக்கு செல்லாது. சில நாட்களுக்குள் திறந்தால் பேரிங் தப்பிக்கும், கிரீஸும் சீலும் மட்டும்தான் செலவு.

திறந்தால் என்ன செய்வார்கள்?

பிரேக் கேலிப்பரைக் கழற்றி, கம்பியில் கட்டித் தொங்கவிடுவார்கள். பிரேக் ஹோஸில் தொங்கவிட்டால் ஹோஸ் உள்ளே கிழியும். பிறகு ஃப்ரீ வீல் ஹப்பைக் கழற்றினால் உள்ளே பெரிய நட் இரண்டும், நடுவில் மடக்கிவிட்ட லாக் வாஷரும் தெரியும். பழைய டொயோட்டாக்களுக்கு 54 மில்லிமீட்டர் சாக்கெட் வேண்டும். அது இல்லாமல் உளியும் சுத்தியலும் வைத்துத் தட்டியே கழற்றுகிறவர்கள் உண்டு. நட்டின் விளிம்பில் வெட்டுக்காயங்களைப் பார்த்தால், இதற்கு முன் யாரோ அப்படிச் செய்திருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம். அவர் நட்டை எவ்வளவு இறுக்கினார் என்பது அவருக்கே தெரிந்திருக்காது.

பழைய கிரீஸை முழுக்கத் துடைத்து, பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைக்க வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை. பட்டறையில் ஏர் கன் கையில் இருக்கும்போது, பேரிங்கைக் காற்றால் சுழலவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். 'ஸ்ஸ்ஸ்' என்று சத்தம் கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் கிரீஸ் இல்லாத பேரிங் அந்த வேகத்தில் சிதறி, உருளை முகத்தில் அடித்துவிடும். காற்றை உருளைகளின் நீளவாக்கில் அடித்து, சுழலாமல் பிடித்துக் காயவைக்க வேண்டும்.

காய்ந்த பிறகு வெளிச்சத்தில் ஒவ்வொரு உருளையாகப் பார்க்க வேண்டும். குழி, துருக்கறை, சூட்டினால் வந்த நீல நிறம் எது தெரிந்தாலும் அந்த பேரிங் போய்விட்டது. அப்போது ஹப்புக்குள் உட்கார்ந்திருக்கும் எஃகு வளையமான ரேஸையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புது பேரிங்கைப் பழைய ரேஸில் ஓடவிடுவது, பாதிச் செலவில் வேலையை முடித்த மாதிரித் தெரியும். பழைய ரேஸில் இருக்கும் குழிகள் புது உருளைகளைச் சீக்கிரம் தின்றுவிடும். ரேஸைத் தட்டி இறக்கப் பித்தளைக் கம்பி பயன்படுத்துவார்கள், எஃகு உளி கீறல் போடும். ரேஸ் அடி வரை உட்கார்ந்ததும் தட்டும் சத்தம் மாறும். காது அதைக் கண்டுபிடிக்கும்.

கிரீஸ் தடவுவது வேறு, அடைப்பது வேறு

பேரிங்குக்கு மேலே கிரீஸ் தடவினால் போதாது. உள்ளங்கையில் ஒரு உருண்டை கிரீஸ் வைத்து, பேரிங்கின் அகலமான பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி இழுக்க வேண்டும், மறுபக்கம் உருளைகளுக்கு நடுவில் கிரீஸ் புழுவாக வெளியே வரும் வரை. சுற்றி முழுக்க இப்படிச் செய்ய வேண்டும். கை முழுக்க கிரீஸாகும், வேறு வழியில்லை. ஹப்பின் உட்பக்கத்திலும் ரேஸ் மட்டத்துக்கு ஒரு பூச்சு போதும். நிறைய போட்டால் நல்லது என்று முழுக்கத் திணித்தால், சூட்டில் விரியும் கிரீஸ் சீலைத் தள்ளிக்கொண்டு பிரேக் பக்கம் வந்துவிடும்.

எந்த கிரீஸ்? டப்பாவில் 'என்.எல்.ஜி.ஐ. 2' என்றும், வீல் பேரிங்குக்கு ஏற்றது என்பதைக் காட்டும் 'ஜி.சி.' என்ற குறியீடும் இருக்கிறதா பாருங்கள். டிஸ்க் பிரேக் சூட்டைத் தாங்க லித்தியம் காம்ப்ளெக்ஸ் வகை பொதுவாகப் போதும். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். சிவப்பு, நீலம் எல்லாம் கம்பெனி கலக்கும் சாயம். நானும் ஒருகாலத்தில் நீல கிரீஸ் என்றால் தண்ணீர் போகாது என்று நம்பியிருந்தேன். வேறு வேறு வகை கிரீஸைக் கலக்கவும் கூடாது. லித்தியத்தோடு சில பாலியூரியா, களிமண் வகை கிரீஸ்கள் சேர்ந்தால் கலவை இளகி ஒழுகிவிடும். பழையதை முழுக்கக் கழுவச் சொல்வது இதற்காகவும்தான். உள் சீல் ஒவ்வொரு முறையும் புதுசு போட வேண்டும்.

இறுக்கம்தான் எல்லாம்

இந்த வேலையில் அதிகம் தப்பு நடப்பது கடைசி நட்டில். கூம்பு பேரிங்கை எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு ஆழமாக உருளைகள் ரேஸில் அழுந்தும். லூசாக விட்டால் சக்கரம் ஆடும், சத்தம் போட்டு உங்களை எச்சரிக்கும். அதிகமாக இறுக்கினால் ஒரு சத்தமும் இருக்காது. சூடாகி, கிரீஸ் கருகி, திடீரென்று பிடித்துக்கொள்ளும். நெடுஞ்சாலை வேகத்தில் அப்படிப் பிடித்தால் ஸ்பிண்டிலோடு சக்கரம் கழன்று போகவும் வாய்ப்புண்டு. இரண்டில் ஆபத்தானது இறுக்கம்தான்.

அதனால் முதலில் நன்றாக இறுக்குவார்கள். பழைய டொயோட்டாக்களில் சுமார் 60 நியூட்டன் மீட்டர். ஹப்பை இரு பக்கமும் பலமுறை சுழற்றி உருளைகளை உட்காரவைத்து, மறுபடி கையால் திருப்பும் அளவுக்குத் தளர்த்தி, பிறகு லேசாக இறுக்குவார்கள். சரியா என்று பார்க்க ஒரு ஸ்பிரிங் தராசு போதும், பாசாரில் மீன் எடை போடுவது மாதிரி. அதை வீல் ஸ்டட்டில் மாட்டி இழுத்து, ஹப் நகரத் தொடங்கும்போது எத்தனை கிலோ காட்டுகிறது என்று பார்ப்பார்கள். பழைய லேண்ட் குரூசர்கள் பலவற்றுக்கு இது சுமார் 3 முதல் 6 கிலோ. உங்கள் மாடலுக்கு உரிய எண்ணை மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். வெளி நட்டை இறுக்கும்போது உள் நட்டும் கொஞ்சம் திரும்பிவிடும் என்பதால், எல்லாம் முடிந்ததும் இன்னொரு முறை இழுத்துப் பார்த்து, பிறகுதான் லாக் வாஷரை மடக்க வேண்டும். 'கையில் ஃபீல் பண்ணாலே தெரியும்' என்று சொல்லும் அனுபவசாலிகள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. தராசு வைத்திருக்கும் போமன் கிடைத்தால் நான் அவரிடம்தான் போவேன்.

சீல்டு பேரிங்கை மாற்றும்போது

இது வீட்டில் செய்யும் வேலை இல்லை. பழையதை வெளியே தள்ளவும் புதியதை ஏற்றவும் ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும். அழுத்தம் எந்த வளையத்தில் விழுகிறது என்பது முக்கியம். கூட்டுக்குள் ஏற்றும்போது வெளி வளையத்தை அழுத்த வேண்டும், ஹப்பை உள்ளே நுழைக்கும்போது உள் வளையத்துக்குத் தாங்கு கொடுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் அழுத்தம் உருளைகள் வழியாகப் போய், மாட்டும்போதே பேரிங்கில் பள்ளம் விழுந்துவிடும். புது பேரிங் போட்டு ஒரு மாதத்தில் பழைய சத்தம் திரும்பினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

ஏ.பி.எஸ். உள்ள வண்டிகளில் பல பேரிங்குகளின் ஒரு பக்கத்தில் காந்த வளையம் இருக்கும். பார்க்க சாதாரண கறுப்பு சீல் மாதிரியே தெரியும். திருப்பி மாட்டினால் சென்சார் எதையும் படிக்காது, டேஷ்போர்டில் ஏ.பி.எஸ். விளக்கு எரியும்; எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டும். இரும்புத் தூள் இருக்கும் மேசை மேல் அந்தப் பக்கத்தை வைத்தாலும் தொல்லைதான்.

விலை ரொம்பக் குறைவாக இருந்தால் பெட்டியை இரண்டு முறை பாருங்கள். போலி பேரிங் உலகம் முழுக்க இருக்கும் பிரச்னை. எஸ்.கே.எஃப். நிறுவனம் அதற்காகவே 'ஆத்தென்டிகேட்' என்ற செயலியை வைத்திருக்கிறது. படம் எடுத்து அனுப்பினால் சோதித்துச் சொல்வார்கள். ஹாஃப் கட் கடையில் கிடைக்கும் பழைய ஹப் அசலாகவே இருக்கலாம். ஆனால் அது எந்த வெள்ளத்தில் முழுகியது என்பது கடைக்காரருக்கும் தெரியாது.

வேலை முடிந்து வண்டி கைக்கு வந்ததும், லாபிஸ் வரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள். முடிந்தவரை பிரேக் போடாமல் நிறுத்தி, இறங்கி, இரண்டு முன் ஹப்களின் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோங்கள். இரண்டும் ஒரே மாதிரி இளஞ்சூடாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால், வீட்டுக்கு ஓட்டிப் போக வேண்டாம். அங்கேயே நிறுத்திவிட்டு போமனைக் கூப்பிடுங்கள். கூம்பு பேரிங் என்றால் 1,000 கிலோமீட்டருக்குள் இன்னொரு முறை ஜேக்கில் ஏற்றி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். புது ரேஸ் இன்னும் கொஞ்சம் உள்ளே உட்கார்ந்து, நட் லேசாகத் தளர்ந்திருக்கலாம்.