ஒரு பலகைக்குள் ஒரு தொழிற்பேட்டை

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஃபோர்டு நிறுவனம் கட்டிய ரூஜ் கார் தொழிற்சாலை 1928ல் முழுமை பெற்றது. ஏறக்குறைய 2.4 கிலோமீட்டருக்கு 1.6 கிலோமீட்டர் பரப்பு, 93 கட்டடங்கள், வளாகத்துக்குள் மட்டும் சுமார் 160 கிலோமீட்டர் ரயில் தடம். அதை 160ல் ஒரு பங்காகச் சுருக்கி மாதிரி செய்தாலும் 15 மீட்டருக்கு 10 மீட்டர் இடம் வேண்டும். அதாவது 150 சதுர மீட்டர். நாலறை வீவக வீட்டின் மொத்தப் பரப்பே ஏறத்தாழ 90 சதுர மீட்டர்தான்.

மாதிரி ரயில் அமைக்க விரும்பும் இளையர்கள் சந்திக்கும் முதல் சிக்கல் இது. ரயில் வட்டமாகச் சுற்றிச் சுற்றி ஓடுவது சில நாள்களில் சலித்துவிடும். சரக்குப் பெட்டிகளைத் தொழிற்சாலைகளில் கொண்டுபோய் விடுவதும் வேலை முடிந்த பெட்டிகளை இழுத்து வருவதும் இருந்தால்தான் ஆர்வம் நிலைக்கும். ஆனால், நம்மில் பலரிடம் இருப்பது படுக்கையறைச் சுவரோரம் 120 சென்டிமீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பலகை மட்டுமே.

அந்தப் பலகைக்குக் கட்டடம் வாங்கும்போது, “இது எவ்வளவு இடம் பிடிக்கும்?” என்று பார்ப்பது இயல்பு. அதோடு இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும்: “இது ரயிலுக்கு எவ்வளவு வேலை தரும்?”

கட்டடமே தேவையில்லை

மிகக் குறைந்த இடத்தில் மிக அதிக வேலை தருவது பொதுச் சரக்குத் தடம். அமெரிக்காவில் இதை ‘டீம் டிராக்’ என்பர். குதிரைகள் பூட்டிய வண்டிகள் வந்து சரக்கு ஏற்றிச் சென்ற காலத்தில் வந்த பெயர் அது. சொந்தத் தடம் இல்லாத வணிகர்கள் இங்கு வந்து சரக்கை இறக்கிக்கொள்வர். மாதிரியில் ஒரு தடம், ஒரு சாய்தளம், ஒரு லாரி போதும். மரம், இயந்திரம், காய்கறி என எதை ஏற்றிய பெட்டியும் இங்கு வரலாம்.

எரிபொருள் விற்பனை நிலையமும் அப்படித்தான். இரண்டு கொள்கலன்கள், ஒரு குழாய், சிறு அறை ஆகியவை இருந்தால் எண்ணெய்ப் பெட்டிகள் வரக் காரணம் கிடைத்துவிடும்.

முகப்பு மட்டும் போதும்

பெரிய கிடங்கு வேண்டுமென்றால் முழுக் கட்டடத்தையும் வைக்க வேண்டியதில்லை. பெட்டி நிற்பது முகப்பின் முன்தான். பின்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. முன்சுவரை மட்டும் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் அறைச் சுவரோடு ஒட்டி நிறுத்தலாம். கடையில் வாங்கும் ஒரு கட்டடத்தின் நான்கு சுவர்களையும் ஒரே வரிசையில் இணைத்தால், நீண்ட ஆலை ஒன்றின் முகப்பு கிடைத்துவிடும்.

அளவு குறித்தும் அதிகம் கவலைப்பட வேண்டாம். 9 மில்லிமீட்டர் தடத்தில் ஓடும் சிறிய ரயில்கள் அமெரிக்காவில் 1:160, பிரிட்டனில் 1:148 அளவில் தயாராகின்றன. ஜப்பானியக் கட்டடங்கள் பெரும்பாலும் 1:150. பின்னணியில் நிற்கும் கட்டடத்தில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது.

உயரமான கட்டடத்தில் ஒரு பொறி

அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஜோசப் டார்ட் 1842ல் நீராவியால் இயங்கும் தானியக் கோபுரத்தைக் கட்டினார். பின்னர் வட அமெரிக்கச் சமவெளிகளில் ரயில் பாதையோரம் இத்தகைய கோபுரங்கள் எழுந்தன. குறுகலான அடித்தளம், நல்ல உயரம். சிறிய பலகைக்கு ஏற்றதாகத்தான் தோன்றும்.

ஆனால், சிறிய கோபுரத்தில் தானியம் கொட்டும் குழாய் பெரும்பாலும் ஒன்றுதான். பெட்டிகளை ஒவ்வொன்றாக அதன் கீழே நகர்த்த வேண்டும். 1:160 அளவில் 50 அடிப் பெட்டி ஏறக்குறைய 10 சென்டிமீட்டர். நான்கு பெட்டிகளை நிரப்ப வேண்டுமானால், காத்திருக்கும் மூன்று பெட்டிகளுக்கு ஒரு பக்கமும், நிரம்பிய மூன்றுக்கு மறுபக்கமும் இடம் தேவை. குழாயின் கீழ் நிற்பதையும் சேர்த்தால் 70 சென்டிமீட்டர். கோபுரம் 10 சென்டிமீட்டர் இடத்தில் நின்றாலும், பலகையின் நீளத்தில் பாதிக்கும் மேல் போய்விடும். இரண்டு பெட்டிகளோடு நிறுத்திக்கொண்டால் 30 சென்டிமீட்டரில் முடியும்.

ஒரே ஆலை, இரண்டு வாசல்

மாவு ஆலை இதற்கு நேர்மாறு. கோதுமை ஓரிடத்தில் இறங்கும்; மூட்டை மாவு வேறொரு வாசலில் ஏறும். எந்தப் பெட்டியையும் எங்கு வேண்டுமானாலும் விட்டுவிட முடியாது. கோதுமைப் பெட்டியை உள்ளே தள்ள, வழியில் நிற்கும் மாவுப் பெட்டியை முதலில் வெளியே எடுத்து, பிறகு பழைய இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். ஒரே தடத்தில், ஒரே முகப்பின் முன், இரண்டு ஆலைகளின் வேலை.

இடம் குறைந்தால் வேலையும் குறையும் என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்தைச் சேர்ந்த ஆலன் ரைட் உருவாக்கிய ‘இங்கல்நூக்’ அமைப்பில் மூன்றே பக்கத் தடங்கள். அவற்றில் முறையே ஐந்து, மூன்று, மூன்று பெட்டிகள் நிற்கலாம். எட்டுப் பெட்டிகளிலிருந்து ஐந்தைச் சொன்ன வரிசையில் கோக்க வேண்டும். சாத்தியமான வரிசைகள் 6,720. தினம் ஒன்று என்று விளையாடினாலும் 18 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

காசு கொடுப்பதற்கு முன்

கட்டடத்தின் அடித்தள அளவைப் பெட்டியின் மேல் பார்த்து, பழைய அட்டையில் வெட்டிப் பலகையில் வையுங்கள். சரக்குப் பெட்டிகளின் நீளத்துக்கும் அட்டைத் துண்டுகள் வெட்டி, கையால் நகர்த்திப் பாருங்கள். எங்கே நிற்கும், எதை இடிக்கும், இஞ்சின் திரும்பி வர வழி இருக்கிறதா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பெட்டி நிற்க இடம் தராத கட்டடத்தை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், கடையிலேயே விட்டுவிடலாம்.