ஜட்கா வண்டி

விருதுநகர் - தென்காசி இருப்புப்பாதை 1927இல் திறக்கப்பட்டது. ஆடித்தபசுக்கு ரயிலில் வந்திறங்கும் வெளியூர்க்காரர்களைக் கோமதி அம்மன் சந்நிதியில் கொண்டு சேர்க்க, மாட்டு வண்டியோடு ஜட்காவும் நிற்குமாம். என் பாட்டனார் சொல்வார். அவர் தகப்பனார் ஜட்கா ஓட்டியவர்.

ஜட்காவுக்கு இரண்டே சக்கரம். ஆட்கள் பின்னால் சாய்ந்தால் ஏர்க்கால்கள் மேலெழும்பி, குதிரையின் வயிற்றுப் பட்டை இறுகும். முன்னால் நெருங்கினாலோ பாரமெல்லாம் அதன் முதுகில் இறங்கும். "சாமி, ஒரு சாண் முன்னால வாங்க" என்று வண்டிக்காரர் கெஞ்சியது குதிரைக்காகத்தான். சாக்குக்கு அடியில் பரப்பிய புல்தான் நமக்கு மெத்தை. சவாரி ஓய்ந்ததும் அதுவே குதிரைக்குத் தீனி! ஊறவைத்த கொள்ளு தனி.

லாடம் அடிப்பதைப் பார்த்துக் குழந்தைகள் அழுவதுண்டு. குளம்பின் வெளி ஓடு நம் நகம் போன்றது. அதில் ஆணி ஏறினால் வலிக்காது. சற்று உள்ளே போய்விட்டால் குதிரை நொண்டிவிடும். காயலில் கப்பலில் வந்திறங்கிய குதிரைகளில் பெரும்பாலானவை, பேணத் தெரிந்தவரும் லாடம் அடிப்பவரும் இல்லாமல் பாண்டிய நாட்டில் மாண்டன என்று 13ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த மார்க்கோ போலோ எழுதினார். அத்தகையோரை வணிகர்களே வரவிடவில்லை என்பதும் அவர் குற்றச்சாட்டு. விற்பனை குறைந்துவிடுமே!

பிறகு ஆட்டோ வந்தது. சவாரிக் காசு கொள்ளுக்கே காணவில்லை. பாட்டனாரின் தகப்பனார் குதிரையை விற்றுவிட்டார். மறுநாள் விடியலில், வழக்கம்போல் கொள்ளு வாளியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போய் நின்றாராம்.