சேலத்துக்கு வந்த கம்பளி யானைகள்!

பேட்மேன் கதையில் வரும் ஜோக்கரை உங்களுக்கு நன்றாகத் தெரியும்தானே குட்டீஸ்? வெள்ளை முகம், பச்சைத் தலைமுடி, காது வரை இழுத்த சிரிப்பு! அந்த ஜோக்கர் நம்ம சேலத்துக்கு வந்து ஒரு படத்தில் நடித்துவிட்டுப் போனார் என்றால் நம்புவீர்களா?

நம்பித்தான் ஆகவேண்டும். அவர் பெயர் சீசர் ரோமரோ. 1966-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பேட்மேன் தொடர் வந்தபோது ஜோக்கராக நடித்தவர். இவருக்குத் தன் மீசை மீது அப்படி ஒரு பிரியம்! ஜோக்கருக்கு ஏது மீசை? ஆனாலும், மீசையை எடுக்க மாட்டேன் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல் மீசைக்கு மேலேயே வெள்ளைச் சாயம் பூசி நடிக்க வைத்தார்கள். அந்தத் தொடரை எங்காவது பார்க்க நேர்ந்தால் உற்றுக் கவனியுங்கள். சாயத்துக்குள்ளே மீசை ஒளிந்திருக்கும்!

இந்த மீசைக்காரர் சேலத்துக்கு வந்தது, ஜோக்கர் ஆவதற்குப் பல வருடங்களுக்கு முன்பு. 1952-ல் வெளியான 'தி ஜங்கிள்' என்ற ஆங்கிலப் படத்துக்காக வந்தார். அவரோடு கௌபாய் படங்களில் குதிரை மேல் பறந்து பறந்து சண்டை போடும் நெட்டை நடிகர் ராட் காமரூன் வந்தார். மேரி வின்ட்சர் என்ற நடிகையும் வந்தார். இந்தப் படத்தில் அவருக்கு இந்திய இளவரசி வேடம்.

சரி, ஹாலிவுட்காரர்களுக்குச் சேலத்தை எப்படித் தெரியும்? அதுதான் சுவாரசியமான கதை.

திருச்செங்கோட்டில் 1907-ல் பிறந்தவர் டி.ஆர்.சுந்தரம். அவருடைய ஊர் அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தது. இப்போது நாமக்கல் மாவட்டம். ஜவுளித் தொழில்நுட்பம் படிக்க இங்கிலாந்தில் உள்ள லீட்ஸ் நகருக்குக் கப்பலேறிப் போனார். திரும்பி வந்தவர் துணி ஆலை தொடங்குவார் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். அவரோ 1930-களில், சேலத்தில் ஏற்காடு மலைக்குப் போகும் சாலையில் சினிமா ஸ்டுடியோ கட்டினார்! அதுதான் மாடர்ன் தியேட்டர்ஸ். படம் பிடிக்கும் தளம், ஒலிப்பதிவுக் கூடம், பிலிம் கழுவும் ஆய்வகம் என்று எல்லாமே ஒரே வளாகத்தில் இருந்தன. மதராசுக்கு ஓடாமல் சேலத்திலேயே ஒரு படத்தை முழுசாக எடுத்து முடித்துவிடலாம்.

அடுத்து வருகிறார் நம்ம இரண்டாவது ஆள், எல்லிஸ் ஆர்.டங்கன். அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் பிறந்தவர். கலிபோர்னியாவில் சினிமா பற்றிப் படித்தார். கூடப் படித்த இந்திய நண்பரோடு 1935-ல் இங்கே வந்தார். வந்தவர் தமிழ்ப் படங்களை இயக்க ஆரம்பித்துவிட்டார். தமிழ் தெரியுமா என்று கேட்காதீர்கள். தெரியாது! வசனத்துக்கு உதவியாளர்களை வைத்துக்கொண்டே சமாளித்தார். எம்.ஜி.ஆர். முதன்முதலில் நடித்த 'சதி லீலாவதி' (1936) இவர் இயக்கிய படம்தான். பிறகு சேலத்துக்கு வந்து மாடர்ன் தியேட்டர்சுக்காக 'பொன்முடி', 'மந்திரி குமாரி' இரண்டையும் இயக்கினார். இரண்டுமே 1950-ல் வந்தவை. 'மந்திரி குமாரி'க்கு வசனம் எழுதியவர் மு.கருணாநிதி, கதாநாயகன் எம்.ஜி.ஆர். பின்னாளில் முதலமைச்சர்களான இரண்டு பேர், அவர்களோடு ஒரு அமெரிக்கர். எல்லோரும் வேலை பார்த்தது ஏற்காடு மலையடிவாரத்தில்!

அதே ஆண்டில் டங்கன் அமெரிக்கா திரும்பினார். ஆனால், சேலத்தை மறக்கவில்லை. ஹாலிவுட்டில் லிப்பர்ட் என்ற சின்னக் கம்பெனி இருந்தது. குறைந்த செலவில் மளமளவென்று படம் எடுப்பவர்கள். அவர்களுக்கு யானைக் கதை ஒன்று எடுக்க ஆசை. அமெரிக்காவில் யானைக் கூட்டத்துக்கு எங்கே போவது? இங்கே யானை உண்டு, காடு உண்டு, கையோடு நல்ல ஸ்டுடியோவும் உண்டு. மாடர்ன் தியேட்டர்சும் லிப்பர்ட்டும் கைகோத்தன. டங்கனும் தயாரிப்பில் சேர்ந்துகொண்டார். இயக்கியவர் வில்லியம் பெர்க். நம்ம ஊர் எம்.என்.நம்பியாரும் ஹாலிவுட்காரர்களுக்கு நடுவே நடித்தார். தமிழில் படத்தின் பெயர் 'காடு'.

கதை என்ன? காட்டு யானைகள் திடீரென்று மிரண்டு ஊருக்குள் ஓடி வந்து எல்லாவற்றையும் நாசம் செய்கின்றன. ஏன் மிரள்கின்றன என்று கண்டுபிடிக்க இளவரசியும் வேட்டைக்காரரும் காட்டுக்குள் போகிறார்கள். போனால்... அங்கே நிற்பவை மாமூத்! பனிக்காலத்தில் வாழ்ந்த, உடம்பெல்லாம் உரோமம் தொங்கும் ராட்சத யானைகள்!

மாமூத் உயிரோடு இருந்ததே சைபீரியா, அலாஸ்கா மாதிரி குளிர்ப் பிரதேசங்களில்தான். கடைசி மாமூத் கூட்டம் ஆர்க்டிக் கடலில் உள்ள ராங்கல் தீவில், சுமார் 4,000 வருடங்களுக்கு முன்பே அழிந்துவிட்டது. அப்புறம் படத்தில் நடித்தது யார்? நம்ம யானைகள்தான்! உரோமப் போர்வையைப் போர்த்தி, மாமூத் ஆக்கிவிட்டார்கள். இன்றைக்குக் கம்ப்யூட்டர் கிராபிக்ஸில் டைனோசரையே ஓட விடுகிறார்கள். அன்றைக்கு ஒரு போர்வையும் பொறுமையான யானையும் போதும். வெயில் காலத்தில் ஸ்வெட்டர் போட்டால் நமக்கு எப்படி இருக்கும்? அந்த யானைகளை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

ஒரு விஷயத்தில் அவர்கள் சரியான நடிகரைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். மாமூத்துக்கு ஆப்பிரிக்க யானையைவிட நம்ம ஆசிய யானைதான் நெருங்கிய சொந்தம்!

'தி ஜங்கிள்' பிரமாதமான படம் என்று சொல்லமாட்டேன். கதை அங்கங்கே நொண்டும். படம் முழுக்கப் பழுப்பு நிறச் சாயம் ஏற்றி வெளியிட்டார்கள். ஆனால், ஒரு நல்ல காரியம் நடந்தது. அந்தப் படம் அழியாமல் தப்பித்துக்கொண்டது. இதே மாடர்ன் தியேட்டர்ஸ் 1938-ல் எடுத்த 'பாலன்', மலையாளத்தின் முதல் பேசும் படம். அதன் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. அந்தக் காலத்து பிலிம் சுருள் எளிதில் தீப்பற்றும், பத்திரமாக வைக்காவிட்டால் பொடிந்து போகும்.

சுந்தரம் 1963-ல் காலமானார். தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைக் கொடுத்த ஸ்டுடியோ, 1980-களில் ஓய்ந்துபோனது. தளங்கள் இருந்த இடத்தில் இப்போது வீடுகள். முகப்பு வளைவு மட்டும் ஏற்காடு சாலையோரம் நின்றுகொண்டிருக்கிறது.

அடுத்த முறை ஏற்காட்டுக்குப் போகும்போது, மலைப்பாதை தொடங்கும் முன்பே ஜன்னலோரம் கவனியுங்கள். பஸ் வேகமாகப் போனால் தவறவிட்டுவிடுவீர்கள். அப்படியே இன்னொரு வேலையும் செய்யுங்கள். 1952-ல் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளுக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல் ஆகியிருக்கும். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒரு தாத்தா பாட்டி இருந்தால், கொட்டகையில் 'காடு' பார்த்தீர்களா என்று கேளுங்கள். பார்த்தேன் என்றால், அந்தக் கம்பளி யானையை நிஜம் என்று நம்பினார்களா என்றும் மறக்காமல் கேளுங்கள்!