செல்லுக்குள் ஒரு விளக்கு

தென்னந்தோப்புகள் சூழ்ந்த ஊர் பொள்ளாச்சி. ஆனைமலையின் அடிவாரத்தில் விளையும் அதன் இளநீர், தொலைவிலுள்ள நகரங்களுக்கும் சென்று தாகம் தணிக்கிறது. அத்தகைய இளநீரிலிருந்து உலோக அயனியைக் காட்டிக்கொடுக்கும் ஒளிரும் நுண்துகள்களை உருவாக்க முடியும் என்பதை அறிவியல் மெய்ப்பித்துள்ளது.

உலோகமும் உயிரும்

மனித உடலுக்கு உலோகங்கள் இன்றியமையாதவை. ஹீமோகுளோபினில் இரும்பு உள்ளது. பல நொதிகள் துத்தநாகமும் தாமிரமும் இன்றி இயங்கா. ஆயினும் அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு. தாமிரம் வெளியேறாமல் கல்லீரலிலும் மூளையிலும் தேங்குவதால் வில்சன் நோய் தோன்றுகிறது. பாதரசம், காரீயம், காட்மியம் ஆகியனவோ உடலுக்குச் சிறிதும் தேவையற்றவை. ஜப்பானின் மினமாட்டாவில் 1956ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட கொடிய நோய்க்கு, ஆலைக்கழிவில் கலந்து மீன் வழியாக மக்களை அடைந்த பாதரசச் சேர்மமே காரணமாகும்.

உலோகத்தின் அளவை அணு உட்கவர் நிறமாலைமானி துல்லியமாகக் கூறும். ஆனால், அதற்கு மாதிரியை அமிலத்தில் கரைக்க வேண்டும்; செல் அழிந்துவிடும். எவ்வளவு உலோகம் இருந்தது என்பது தெரியும். செல்லின் எப்பகுதியில், எப்பொழுது சேர்ந்தது என்பது தெரியாது. இக்குறையை நீக்க வந்தவையே ஒளிரும் நானோ உணரிகள்.

ஒளிரும் புள்ளிகள்

சில பொருள்கள் புற ஊதாக் கதிரை உட்கவர்ந்து, கண்ணுக்குப் புலனாகும் ஒளியாக உடனே உமிழ்கின்றன. இதுவே உடனொளிர்வு. இப்பண்புடைய கார்பன் புள்ளிகள், கார்பன் நானோ குழாய்களைத் தூய்மை செய்தபொழுது எதிர்பாராது கிடைத்தன. அச்செய்தி 2004இல் வெளியானது. இவை பொதுவாக 10 நானோமீட்டருக்கும் சிறியவை. தலைமுடியின் தடிமனோ ஏறத்தாழ 80,000 நானோமீட்டர்.

இளநீரை உரிய முறையில் சூடேற்றினால், அதிலுள்ள சர்க்கரைகள் நீரை இழந்து கார்பன் புள்ளிகளாக மாறுகின்றன. ரூர்கேலா தேசியத் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் இவ்வாறு உருவாக்கிய புள்ளிகளைப் பற்றி 2016இல் அறிவித்தனர். தாமிர அயனி சேர்ந்ததும் அவற்றின் ஒளி மங்கியது. தயமின் என்னும் வைட்டமினைச் சேர்த்ததும் மீண்டது.

ஒளி மங்குவது ஏன்? புள்ளியின் மேற்பரப்பிலுள்ள ஆக்சிஜன் கொண்ட தொகுதிகள் உலோக அயனியைப் பற்றிக்கொள்கின்றன. ஒளியாக வெளிப்பட வேண்டிய ஆற்றல் அப்பிணைப்பின் வழியே திசைமாறி, ஒளியின்றியே கழிகிறது. கார்பன் புள்ளிகளைச் செல்கள் உள்ளிழுத்துக்கொள்வதால், உயிருள்ள செல்லில் நிகழும் இம்மாற்றத்தை உடனொளிர்வு நுண்ணோக்கியில் காணலாம்.

ஐயமும் தெளிவும்

எனினும், மங்கிய இடமெல்லாம் நஞ்சுள்ள இடமன்று. பாதரசத்தைப் போலவே இரும்பும் ஒளியை மங்கச் செய்யலாம். புள்ளிகள் குறைவாகச் சென்ற இடமும் மங்கலாகவே தெரியும். ஆகவே, குறிப்பிட்ட அயனியை மட்டும் பற்றும் மூலக்கூறுகளைப் புள்ளியின்மீது இணைக்கின்றனர். உலோகத்தால் மாறும் ஒரு நிறத்தையும் மாறாத மற்றொரு நிறத்தையும் உமிழச் செய்து, அவற்றின் விகிதத்தையும் அளக்கின்றனர்.

உணரியே நஞ்சாகிவிடலும் ஆகாது. 2023ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு குவாண்டம் புள்ளிகளின் கண்டுபிடிப்புக்காக வழங்கப்பட்டது. அவ்வகைப் புள்ளிகள் பலவற்றில் காட்மியம் உள்ளது. கார்பன் புள்ளிகள் உலோகமின்றியே ஒளிர்வதால் உயிரியல் ஆய்வுக்கு ஏற்றவையாகக் கருதப்படுகின்றன. ஆயினும், அவற்றின் பாதுகாப்பும் அளவைப் பொறுத்ததே.

சாயத்தொழிலிலும் மின்முலாம் பூசும் தொழிலிலும் உலோகச் சேர்மங்கள் பயன்படுகின்றன. இத்தொழில்கள் பெருகியுள்ள கொங்கு மண்டலத்தில், நீரில் கலக்கும் உலோகம் உயிரை எவ்வாறு தாக்குகிறது என்னும் அறிவு மிகத் தேவையானது. நோய் வெளிப்பட்ட பின்னர்க் காரணத்தைத் தேடியது மினமாட்டா. செல் உயிரோடிருக்கும்பொழுதே நஞ்சின் வருகையை அறிய முயல்கின்றன, ஆய்வகத்தில் ஒளிரும் இச்சிறு புள்ளிகள்.