சம்பளக் காசுல விளம்பரம்: "பூஸ்ட்" அமுக்கறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

வேலைக்குப் போய்க்கிட்டே சின்னதா ஒரு தொழில் ஆரம்பிச்சிருக்கீங்க. பொருள் ரெடி, இன்ஸ்டாகிராம் பேஜும் ரெடி. அடுத்து பூஸ்ட் பட்டனை அமுக்கறதுதானே? அங்கதான் பலருக்குக் கை சுடுது.

வருமான வரி ரிட்டர்ன் ஃபைல் பண்ண வந்த ஒரு ஐடி ஊழியர் தன்னோட கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட்டைக் காட்டினார். நாலு மாசத்துல விளம்பரத்துக்கு மட்டும் 62,000 ரூபாய். "ஆர்டர் வந்துச்சா?"னு கேட்டேன். "நிறைய வந்துச்சு சார்." "லாபம்?" பதில் இல்லை.

எந்தத் தளம் நல்லதுங்கிறது ரெண்டாவது கேள்விதான். ஒரு ஆர்டருக்கு உங்க கையில எவ்வளவு மிஞ்சுது? இதுதான் முதல் கேள்வி.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

சத்துமாவு பாக்கெட் 350 ரூபாய்னு வெச்சுக்குவோம். தயாரிப்பு 190, பேக்கிங் 20, கூரியர் 50 போக மிச்சம் 90.

3,000 ரூபாய்க்கு விளம்பரம் போடறீங்க. 18% ஜிஎஸ்டி சேர்த்தா 3,540. ஜிஎஸ்டி பதிவு இல்லாதவங்களுக்கு அந்த 540 திரும்பக் கிடைக்காது. 20 பேர் வாங்கினாங்கன்னா, ஒருத்தரைப் பிடிக்க 177 ரூபாய் செலவு. அதாவது ஆர்டருக்கு 87 ரூபாய் நஷ்டம்! அதே ஆள் ரெண்டாவது தடவை வாங்கினாதான் 3 ரூபாயாவது மிஞ்சும்.

மறுபடி வாங்கற பொருளா இருந்தா இது தாங்கும். ஒரே தடவை வாங்கற பொருளுக்குத் தாங்காது.

எதை எப்போ எடுக்கலாம்?

* வாட்ஸ்அப் பிசினஸ்: பழைய வாடிக்கையாளரைத் திரும்பக் கூப்பிட இதுதான் மலிவு. ஆனா உங்க நம்பரை சேவ் பண்ணினவங்களுக்குத்தான் பிராட்காஸ்ட் போகும். முதல் ஆர்டர்லயே சேவ் பண்ணச் சொல்லிடுங்க.
* கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல்: இலவசம். டியூஷன், ஏசி சர்வீஸ் மாதிரி ஆளை நேர்ல பார்க்கிற தொழிலுக்குத்தான். ஆன்லைன்ல மட்டும் விக்கிறவங்களுக்குக் கிடையாது.
* கூகுள் தேடல் விளம்பரம்: மக்கள் ஏற்கெனவே தேடற பொருளுக்கு.
* இன்ஸ்டாகிராம்: யாரும் தேடாத, பார்த்தா ஆசைப்படற பொருளுக்கு. முதல்ல ரீல்ஸ் போடுங்க. நல்லா ஓடற ரீலுக்கு மட்டும் காசு போடுங்க.
* அமேசான், ஃப்ளிப்கார்ட்: கூட்டம் ரெடியா இருக்கு. கமிஷன், ஷிப்பிங் எல்லாம் கழிச்சுக் கணக்கு போடுங்க. வாடிக்கையாளர் நம்பரும் உங்களுக்குக் கிடைக்காது.

பலர் கவனிக்காத ஜிஎஸ்டி சிக்கல்

"40 லட்சம் வரைக்கும் ஜிஎஸ்டி பதிவு வேண்டாமே?" தமிழ்நாட்டுக்குள்ள பொருள் வித்தா சரி. வரி உள்ள பொருளை பெங்களூருக்கு ஒரு பாக்கெட் அனுப்பினாலும் பதிவு கட்டாயம். சில கைவினைப் பொருட்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. பதிவு பண்ணாம ஆரம்பிக்கிறீங்கன்னா, விளம்பரத்துல லொகேஷனை இந்தியான்னு விடாதீங்க, தமிழ்நாடுன்னு வைங்க.

என்னோட யோசனை

ஒரு மாசம், ஒரே ஒரு தளம், 5,000 ரூபாய் உச்சவரம்பு. கிரெடிட் கார்டு வேண்டாம். தனி அக்கவுன்ட்ல இருந்து மட்டும். மாசக் கடைசியில மொத்தச் செலவைப் புது வாடிக்கையாளர் எண்ணிக்கையால வகுங்க. உங்க மிச்சத்தைவிட அது அதிகமா இருந்து, யாரும் மறுபடி வாங்கவும் இல்லன்னா, நிறுத்திடுங்க.

அந்த ஐடி நண்பர் போன்ல 300 வாடிக்கையாளர் நம்பர் இருந்துச்சு. ஒருத்தருக்குக்கூட மறுபடி மெசேஜ் அனுப்பலை. விளம்பரத்தை நிறுத்திட்டு, அன்னைக்கே அங்கிருந்து ஆரம்பிக்கச் சொன்னேன். உங்க போன்லயும் எத்தனை நம்பர் இருக்குன்னு முதல்ல பாருங்க.