உஷார்! உப்பளச் சாலை காலியாக இல்லை

விடியற்காலை மூன்றரை மணி. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 120 கிலோமீட்டர் வந்தால் மரக்காணம். இரண்டு பக்கமும் உப்பளப் பாத்திகள். மறைக்க மரம் இல்லை, தடுக்க வீடு இல்லை. ரீமேப் போட்ட டர்போ காரோடு வருகிற தம்பிக்கு இது யாரோ தனக்கென்றே போட்டுவைத்த ரன்வே மாதிரித் தோன்றும். கால் மைல், அதாவது 402 மீட்டர், எத்தனை வினாடி என்று பார்த்துவிடலாம் என்று கை பரபரக்கும்.

பரபரப்பதற்கு முன் ஹெட்லைட்டை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் வெளியே பாருங்கள். வரப்பு மேல் டார்ச் வெளிச்சம் அசையும். அளத்து வேலை வெயிலுக்கு முந்திய வேலை. வெயில் ஏறிவிட்டால் வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் ஒளியே கண்ணைப் பறித்துவிடும். அதனால் இருட்டோடு கிளம்பி சைக்கிளிலும் நடந்தும் வருகிறார்கள். அதே நேரத்தில்தான் குப்பங்களிலிருந்து கடலுக்குப் போகிறவர்களும் மீன் எடுக்கப் போகிறவர்களும் ரோட்டைக் கடப்பார்கள். நீங்கள் 'ஆள் இல்லாத நேரம்' என்று கணக்குப் போட்ட நேரம், அவர்களுக்கு ஷிஃப்ட் தொடங்கும் நேரம்.

இந்த எச்சரிக்கையை இப்போதே சொல்லக் காரணம் இருக்கிறது. மரக்காணத்திலிருந்து புதுச்சேரி வரை 46 கிலோமீட்டரை நான்கு வழிச் சாலையாக்க 2,157 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2025 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்திருக்கிறது. ரோடு அகலமானால் சபலமும் அகலமாகும்.

உப்பு தண்ணீர் விடும்

மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடியைத் திறந்து பார்த்திருப்பீர்கள். கல்லுப்பு கசிந்து அடியில் தண்ணீர் கட்டியிருக்கும். சுத்திகரிக்காத உப்பில் ஒட்டியிருக்கும் மெக்னீசியம் குளோரைடு காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வதால் வரும் வினை அது.

அதே உப்பு ரோட்டில் சிந்தினால்? மூட்டை ஏற்றிய லாரி, பாத்தியிலிருந்து ஏறி வரும் டிராக்டர் டயரில் ஒட்டிய சேறு, இவை எல்லாம் தார் மேல் ஒரு பூச்சு விட்டுப் போகும். பகலில் வெறும் வெள்ளைத் தூசு. கடற்காற்றில் ஈரம் ஏறிய பின்னிரவில் அதுவே கண்ணுக்குத் தெரியாத வழுக்கல். ஒரு முன்சக்கரம் உலர்ந்த தாரிலும் மறுசக்கரம் உப்பு ஈரத்திலும் இருக்க, முழு பூஸ்டில் கிளட்சை விட்டால் ஸ்டீயரிங் கையைப் பறித்துக்கொண்டு ஒரு பக்கம் இழுக்கும். சாதாரணமாக ரோட்டுக்கு வரும் டர்போ கார்கள் பெரும்பாலும் முன்சக்கர இழுவைக் கார்கள். இழுப்பதும் திருப்புவதும் அதே இரண்டு டயர்தான். அவை வழுக்கிவிட்டால் கையில் எதுவும் மிஞ்சாது.

"அமெரிக்காவில் உப்பு மேல்தானே ரெக்கார்டு போடுகிறார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். 1935ல் மால்கம் கேம்ப்பெல் யூட்டா மாநிலத்து பான்வில் உப்புத் திடலில் மணிக்கு 300 மைலைத் தாண்டினார். அது மைல் கணக்கில் இறுகிக் கிடக்கும் உப்புத்தரை. மரக்காணத்தில் இருப்பது மிதித்துப் பதப்படுத்திய களிமண் பாத்தி, அதன் மேல் உப்புத் தண்ணீர். கார் அதில் இறங்கினால் சிக்கும். ஒரு குடும்பத்தின் பல நாள் உழைப்பும் சேர்ந்து போகும்.

ஃபியூஸ் போன இடத்தில் தடிக்கம்பி

"ஸ்டேஜ் 1 ரீமேப் மட்டும் போட்டுக்கலாம்ணே, லேப்டாப்பில் அரை மணி வேலை" என்பார் மெக்கானிக். அவர் சொல்வதில் பொய் இல்லை. எஞ்சினை இயக்கும் கணினியான ஈசியூவில் மேப்பை மாற்றினால் டர்போ கூடுதல் காற்றைத் திணிக்கும், முறுக்குவிசை ஏறும். ஆனால் கம்பெனி ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு தாங்குகணக்கு வைத்திருக்கிறது. போலோ 1.0 டிஎஸ்ஐ மேனுவலில் உள்ள கியர்பாக்ஸின் பெயர் எம்க்யூ200. அந்த 200 என்பது அது தாங்க வேண்டிய முறுக்குவிசை, நியூட்டன் மீட்டர் கணக்கில். கம்பெனி எஞ்சின் தருவது 175. இடையில் இருக்கும் மிச்சத்தை ரீமேப் ஒரே நாளில் தின்றுவிடும்.

முதலில் கிளட்ச் வழுக்கும், கருகல் வாடை வரும். உடனே கனமான கிளட்ச் பிளேட் மாட்டச் சொல்வார்கள். இங்கேதான் உஷார்! வீட்டில் ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று தடிக்கம்பி கட்டினால் என்ன ஆகும்? ஃபியூஸ் போகாது, வயர் எரியும். கம்பெனி கிளட்ச் ஒருவகையில் ஃபியூஸ். அதைப் பலப்படுத்தினால் அடி அடுத்த பாகத்தில் விழும்: டிரைவ் ஷாஃப்ட், சிவி ஜாயின்ட், கியர் பற்கள், எஞ்சின் மவுன்ட். 4,000 ஆர்பிஎம்மில் கிளட்சைப் படாரென்று விட, டயர் வழுக்கிப் பிடித்து வழுக்கிப் பிடித்துத் துள்ளினால், ஒவ்வொரு துள்ளலும் ஷாஃப்டின் மேல் விழுகிற சம்மட்டி அடி.

எஞ்சினுக்குள்ளும் இதே கதை. அதிக ஆக்டேன் பெட்ரோலுக்கு எழுதிய மேப்பை வைத்துக்கொண்டு வழியில் வந்த பங்க்கில் சாதா பெட்ரோல் அடித்தால் தட்டல் தொடங்கும். கடற்கரைப் புழுக்கத்தில் நாலைந்து ஓட்டம் ஓடினாலே இன்டர்கூலர் சூடேறிவிடும். உப்புக்காற்று அதன் அலுமினியத் தகடுகளை வேறு அரிக்கும். சூடான காற்று, கூடுதல் பூஸ்ட், தரம் குறைந்த பெட்ரோல் மூன்றும் சேர்ந்தால் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடையும். பிறகு எஞ்சினை இறக்கித்தான் ஆக வேண்டும்.

மூன்றுக்கு அடுத்து... இரண்டு!

ஆட்டோமேட்டிக் காரில் இல்லாத ஆபத்து ஒன்று மேனுவலில் இருக்கிறது. மூன்றாவது கியரில் 6,000 ஆர்பிஎம். அவசரத்தில் நாலுக்குப் பதில் இரண்டில் போய் விழுந்தது என்று வையுங்கள். கிளட்சை விட்ட அதே நொடியில் சக்கரமே எஞ்சினைச் சுழற்றும், அது தாங்கும் எல்லைக்கும் அப்பால். ஈசியூவின் ரெவ் லிமிட்டர் பெட்ரோலைத்தான் நிறுத்த முடியும், சக்கரத்தை நிறுத்த முடியாது. வால்வு பிஸ்டனில் இடிக்கும். முன்சக்கரம் பூட்டினாற்போல் இழுபட, கார் ஸ்டீயரிங்குக்குக் கட்டுப்படாமல் போகும். ட்ராக்கில் அங்கே தடுப்பு இருக்கும். இங்கே வாய்க்கால் இருக்கிறது, வரப்பில் ஆள் இருக்கிறார்.

நிற்க எவ்வளவு தூரம்?

150 குதிரைசக்திக் கார் கால் மைல் முடிவில் மணிக்கு 140ஐ ஒட்டி ஓடிக்கொண்டிருக்கும். 100ல் போவதற்கும் 140ல் போவதற்கும் வேகத்தில் 40தான் வித்தியாசம். பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றலோ ஏறக்குறைய இரண்டு மடங்கு. பார்த்து, புரிந்து, மிதிக்க ஒன்றரை வினாடி என்று வைத்தால் உலர்ந்த தாரில் 100லிருந்து நிற்க சுமார் 97 மீட்டர். 140லிருந்து சுமார் 166 மீட்டர். உப்பு ஈரத்தில் பிடிப்பு பாதியானால் 270ஐத் தாண்டும். ரிஃப்ளெக்டர் இல்லாத சைக்கிளை உங்கள் விளக்கு அவ்வளவு முன்னால் காட்டிக்கொடுக்காது. காருக்கு எடை குறைக்கிறேன் என்று பின்சீட்டைக் கழற்றுகிறவர்கள், கம்பெனி பிரேக் பேடை மட்டும் அப்படியே விட்டுவைப்பதை என்னவென்று சொல்ல!

கேனில் மெத்தனாலா? தொடாதீர்கள்

டர்போ காற்றைக் குளிர்விக்க மெத்தனால் கலந்த தண்ணீரைப் பீச்சும் 'கிட்' ஒன்று உண்டு. மெத்தனால் என்ன செய்யும் என்று மரக்காணத்துக்காரர்களிடம் விளக்க வேண்டியதில்லை. 2023 மே மாதம் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் எடுத்த உயிர்களை ஊர் மறக்கவில்லை. செங்கல்பட்டுப் பக்கத்தையும் சேர்த்தால் 20க்கு மேல். மெத்தனாலை வாங்கவும் வைத்திருக்கவும் தமிழ்நாட்டில் உரிமம் வேண்டும். தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். பற்றி எரிந்தால் பகலில் சுவாலை கண்ணுக்கே சரியாகத் தெரியாது. தண்ணீர் பாட்டிலில் ஊற்றி ஷெட்டில் வைத்திருப்பது, தெரியாமல் யாரோ எடுத்துக் குடிக்க வைத்த பொறி.

கேஸும் காசும்

பொது ரோட்டில் பந்தயம் என்றால் மோட்டார் வாகனச் சட்டம் 189வது பிரிவு: முதல் முறை 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் ஓராண்டு வரை. ஆர்சி புக்கில் உள்ள கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 52வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. மீறினால் மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு டவுன்பைப் மாட்டினால் புகை, சத்தம் இரண்டுக்கும் 190வது பிரிவு காத்திருக்கிறது: 10,000 ரூபாய் வரை. ஓட்டியது 18 வயது ஆகாத பையன் என்றால் பெற்றோருக்கே 3 ஆண்டு சிறையும் 25,000 அபராதமும் வரலாம். சாவியைக் கொடுக்கும் அப்பாக்கள் கவனிக்க!

இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்துப் பாருங்கள். பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பாதுகாப்பு இல்லை என்று அதிலேயே அச்சடித்திருக்கும். அடிபட்டவருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் கொடுத்தாலும், அதை உங்களிடமே திரும்ப வசூலிக்க வழி இருக்கிறது. உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதா 106வது பிரிவு: அலட்சியத்தால் மரணம் விளைவித்தல்.

ஆசையை விட வேண்டாம், இடத்தை மாற்றுங்கள்

வேக ஆசை நம் பக்கத்துக்குப் புதிதல்ல. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் கூட்டம் கூட்டமாக நின்று ரேஸ் பார்த்த தலைமுறை நம்முடையது. 1953ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்துக்குப் பிறகு இருங்காட்டுக்கோட்டையில் சொந்த ட்ராக் அமைத்து 1990ல் திறந்தது. 2024ல் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 ஓடியபோதும் ரோட்டை மூடி, தடுப்பு கட்டித்தான் ஓட்டினார்கள். அமெரிக்காவில் வாலி பார்க்ஸ் 1951ல் கால் மைல் பந்தயச் சங்கமான என்எச்ஆர்ஏவைத் தொடங்கியதும் தெருப் பந்தயத்தை ட்ராக்குக்குள் கொண்டுவரத்தான். அங்கே 13.99 வினாடிக்குள் கால் மைல் கடந்தால் ஹெல்மெட் கட்டாயம். 11.49க்குள் என்றால் பொதுவாக ரோல் பாரும் வேண்டும்.

இந்திய மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்எம்எஸ்சிஐயின் அங்கீகாரமுள்ள டிராக் (drag) போட்டி எது, எப்போது என்று விசாரியுங்கள். லைசென்ஸ் எடுங்கள். காரில் கைவைப்பதென்றால் வரிசை இது: முதலில் டயரும் பிரேக்கும், அடுத்து கூலிங், பிறகு கிளட்சும் மவுன்ட்டும், கடைசியில்தான் ரீமேப். அதற்கும் முன்னால் காசே செலவாகாத ஒன்று இருக்கிறது. முதல் 60 அடியைப் பதற்றமில்லாமல் எடுக்கப் பழகுங்கள். அங்கே மிச்சம் பிடிக்கும் பத்தில் ஒரு வினாடி, முடிவுக் கோட்டில் வட்டியோடு திரும்பும். ட்ராக்கில் ஓடி முடித்தால் கையில் டைம் ஸ்லிப் வரும். உப்பளச் சாலையில் ஓடினால் எஃப்ஐஆர் காப்பிதான்.

இன்றிரவு அங்கே நிற்கிறீர்கள் என்றால், எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு டீ குடியுங்கள். டார்ச்சோடு போகிறவர்கள் எல்லாரும் கடந்து போகட்டும். அவர்கள் வாரிய உப்புதான் நாளை உங்கள் வீட்டுச் சோற்றில் விழப்போகிறது.