சொல்லக் கூச்சப்படும் சலக்கடுப்பு

சலக்கடுப்பு என்று எமது ஊர்களில் சொல்வார்கள். நீர்க்கடுப்பு என்பவர்களும் உண்டு. டொக்டரிடம் போய் வந்தவர்கள் "சலத்தில கிருமியாம்" என்பார்கள். எந்தப் பெயரால் அழைத்தாலும், குரலைத் தாழ்த்திப் பெண்கள் தமக்குள் மட்டும் பேசிக்கொள்ளும் வருத்தம் இது. தலையிடி, தடிமன் என்றால் அன்றைக்கே மருந்தெடுக்கும் பெண், இதற்கு மட்டும் மூன்று நான்கு நாள் பொறுத்துப் பார்க்கிறாள். கிருமி சிறுநீர்ப் பையிலிருந்து சிறுநீரகத்துக்கு ஏறுவதற்கு அந்த நாட்களே போதும்.

பெண்ணுக்கு இந்த வருத்தம் அதிகம் வருவதற்குக் காரணம் அவளது உடலமைப்புத்தான். ஆணின் சிறுநீர் வழி சுமார் 20 சென்ரிமீற்றர் நீளம். பெண்ணுக்குச் சுமார் 4 சென்ரிமீற்றர் மட்டுமே. அதன் வாசலும் மலவாசலுக்கு அருகில் இருக்கிறது. குடலில் யாருக்கும் தீங்கு செய்யாமல் வாழும் ஈ.கோலை என்ற பக்டீரியா இந்தக் குறுகிய வழியால் உள்ளே புகுந்துவிட்டால் நோயாகிறது. தொற்று ஏற்படும் பெண்களில் பெரும்பாலானோருக்குக் காரணம் இந்த ஒரே கிருமிதான். உலகில் ஏறத்தாழ இரண்டு பெண்களில் ஒருவர் வாழ்நாளில் ஒரு தடவையாவது இதை அனுபவிக்கிறார். எனவே இது அசுத்தத்தின் அடையாளமும் அல்ல, ஒழுக்கத்தோடு சம்பந்தப்பட்டதும் அல்ல.

புதிதாக மணமுடித்த பெண்களுக்கு இது அடிக்கடி வருவதுண்டு. தாம்பத்திய உறவின்போது அந்தப் பெண்ணின் உடலில் ஏற்கெனவே உள்ள கிருமிகளே உள்ளே தள்ளப்படுகின்றன. மாப்பிள்ளையிடமிருந்து ஏதோ தொற்றிவிட்டது என்று சந்தேகப்படத் தேவையில்லை. உறவுக்குப் பின் சலம் கழித்துவிடுவது நல்லது. எமது பகுதியில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். உம்மா அடுத்த அறையிலேயே இருக்கிறார். அப்படியிருந்தும் உம்மாவிடம்கூடச் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கும் பெண்கள் எத்தனை பேர்!

சலம் போகும்போது எரிவு, அடிக்கடி போகவேண்டும் என்ற உணர்வு, போனால் சில துளிகளே வருதல், அடிவயிற்று நோவு, கலங்கல், துர்நாற்றம், சில வேளை இரத்தம்: இவை சிறுநீர்ப் பைத் தொற்றின் அறிகுறிகள். இவற்றோடு நடுக்கத்துடன் காய்ச்சல், இடுப்புக்கு மேலே முதுகின் ஒரு பக்கத்தில் நோவு, வாந்தி என்று வந்தால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கலாம். அப்போது கைமருந்து பார்த்துக்கொண்டிராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

அடக்கி வைக்கும் பழக்கம்

எமது பெண்கள் தண்ணீர் குடிப்பது குறைவு. கரையோர வெயிலில் வியர்வையாகப் போவதுகூட ஈடுசெய்யப்படுவதில்லை. காரணம் தாகம் இல்லாமையல்ல, மலசலகூடம் இல்லாமை. கல்முனையிலிருந்து கொழும்புக்கு இரவு பஸ் ஏறும் பெண், பின்னேரத்திலிருந்தே தண்ணீரைத் தொடமாட்டாள். பாடசாலை ஆசிரியை வீட்டுக்கு வந்துதான் போவாள். மருதமுனைத் தறியில் இருப்பவள் "இந்த முழம் முடியட்டும்" என்று இருந்துவிடுவாள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அதன் பின் பாடசாலைகளிலும் கூடாரங்களிலும் தங்கியிருந்த பெண்களுக்குப் பொதுக் கழிப்பறை எவ்வளவு பெரிய சோதனை என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. வுழூ முறிந்துவிடும் என்று ஒரு தொழுகையிலிருந்து மறு தொழுகை வரை அடக்கி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். மலசலத்தை அடக்கிக்கொண்டு தொழுவது வெறுக்கத்தக்கது என்றல்லவா மார்க்க அறிஞர்கள் சொல்கிறார்கள்! போய்விட்டு மறுபடி வுழூ செய்வதே உடலுக்கும் தொழுகைக்கும் நல்லது.

தண்ணீரின் பலனுக்கு ஆதாரம் இருக்கிறது. அடிக்கடி இந்தத் தொற்று வரும், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் 140 பெண்களிடம் செய்த ஆய்வொன்று 2018இல் வெளியானது. பாதிப் பேர் வழமையைவிட நாளொன்றுக்கு ஒன்றரை லீற்றர் கூடுதலாகக் குடித்தார்கள். ஒரு வருடத்தில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 தடவையும், மற்றவர்களுக்கு 3.2 தடவையும் தொற்று வந்தது. செலவில்லாத மருந்து! (இருதயம், சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் மட்டும் டொக்டரிடம் அளவு கேட்டுக்கொள்ள வேண்டும்.)

நாம் தண்ணீரால் சுத்தம் செய்பவர்கள். ஆனால் முன்னிருந்து பின்னாகக் கழுவவேண்டும். பெண் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே உம்மாமார் இதைப் பழக்கவேண்டும். உட்பகுதிக்குச் சவர்க்காரமோ கிருமிநாசினித் திரவமோ வேண்டாம். காவலாக இருக்கும் நல்ல கிருமிகளை அவை அழித்துவிடும்.

பக்கத்து வீட்டுக் குளிசை

பார்லித் தண்ணீரும் இளநீரும் குடிக்கலாம். எரிவு சற்றுத் தணியும். கிருமி சாகாது. அதற்குரிய அன்டிபயோடிக்கை டொக்டர் தரவேண்டும். ராத்தாவுக்குப் போன மாதம் கொடுத்ததில் மிஞ்சிய நான்கு குளிசையை வாங்கி விழுங்குவதும், மருந்துக்கடையில் பெயர் சொல்லி வாங்குவதும், இரண்டு நாளில் எரிவு நின்றதும் மருந்தை நிறுத்துவதும் எமது வீடுகளில் சர்வசாதாரணம். இப்படித்தான் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுகின்றன. சிப்ரோபுளொக்சசின் வகை மருந்துகளை, வேறு மருந்து இருக்கும்போது சாதாரணச் சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்க வேண்டாமென்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2016இல் எச்சரித்தது. தசைநாண், நரம்புப் பாதிப்புகள் ஏற்படலாம் என்பதே காரணம்.

கர்ப்பிணிகள் விடயத்தில் அலட்சியமே கூடாது. நூறு கர்ப்பிணிகளில் இரண்டு முதல் பத்துப் பேருக்கு எரிவோ நோவோ இல்லாமலே சலத்தில் கிருமி இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் அது சிறுநீரகத்துக்கு ஏறலாம். குறைமாதப் பிரசவம், நிறை குறைந்த பிள்ளை என்று முடியலாம். கிளினிக்கில் வழக்கமாகச் சீனியும் அல்புமினும் பார்க்கவே சலம் கேட்பார்கள். வேறு கஷ்டம் இருந்தால் மருத்துவிச்சியிடம் வாய் திறந்து சொல்லுங்கள். முழுப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்வார். சில மருந்துகள் முதல் மூன்று மாதத்துக்கு ஆகாது, சில பிரசவம் நெருங்கும்போது ஆகாது. எனவே கர்ப்பிணி என்பதை எந்த டொக்டரிடமும் முதலில் சொல்லிவிட வேண்டும்.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும், மாதவிடாய் நின்றவர்களுக்கும் தொற்று திரும்பத் திரும்ப வரலாம். பின்னவர்களுக்கு ஹோமோன் கிறீம் பலன் தருவதுண்டு, டொக்டரிடம் கேட்கலாம். நோன்பு காலத்தில் நோன்பு திறந்ததிலிருந்து சஹர் வரை தண்ணீரைச் சிறிது சிறிதாகப் பிரித்துக் குடிக்கவேண்டும். காய்ச்சலோடு தொற்று இருப்பவருக்கு நோன்பைப் பின்னர் நோற்றுக்கொள்ளச் சலுகை இருக்கிறது.

கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை போன்ற அரச ஆஸ்பத்திரிகளில் சிகிச்சை இலவசம். சலம் பரிசோதிக்கக் கொடுக்கும்போது, முன்பக்கத்தை வெறுந் தண்ணீரால் கழுவி, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைச் சுத்தமான போத்தலில் பிடித்து, தாமதிக்காமல் கொடுங்கள். முதல் குளிசையை விழுங்குமுன் பிடித்த சலமாக அது இருக்கவேண்டும்.